தெருவுக்கே நான்தான் பேஷண்ட்

என் ஓரகத்தி கையில விசிலைக் கொடுத்த அன்னிக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சுடுச்சு. இதை மூடி மறைச்சு என்ன ஆகப் போகுது? எரிஞ்சது, அவ்வளவுதான். ஓரகத்தின்னா என் கொழுந்தன் பொண்டாட்டி. எங்களுக்கு நேர் எதிர் வீடு. அவ வீட்ல தாளிச்சா நான் தும்முவேன், அவ்வளவு கிட்டம். கொழுந்தனும் என் வீட்டுக்காரரும் ஒரே ஃபேக்டரி, ஒரே ஷிப்டு. நாங்க ரெண்டு பேரும் மட்டும்தான் வேற வேற.

எங்க தெரு பள்ளத்துல இருக்கு. ஆத்துக்கும் தெருவுக்கும் நடுவுல ஒரு மண்கரை. கரைக்கு இந்தப் பக்கம் வரிசையா ஓட்டு வீடும் ஷீட்டு வீடும். மாடின்னு பேருக்கு ஒண்ணுகூடக் கிடையாது. தெரு முனையில ரோடு மேடேறும், மேட்டு மேல ஸ்கூல். தண்ணி வந்தா அங்கதான் ஓடணும். முந்தின வெள்ளத்துல அவனவன் பொட்டியைத் தூக்கிட்டு ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து ஓடினான். பேக்கரிக்காரர் மாவு பிசையுற மெஷினைக் காப்பாத்துற அவசரத்துல பொண்டாட்டியை விட்டுட்டு வந்துட்டார். அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் அவரை "மெஷின் புருஷன்"னுதான் கூப்பிடுது.

அன்னிக்கு ஸ்கூல்ல வெந்நீர் வெச்சது யாரு? நான். என் தையல் கடையில தைச்சு அடுக்கியிருந்த யூனிபார்மையெல்லாம் அள்ளிட்டு வந்து, நனைஞ்சு நடுங்கின பிள்ளைங்களுக்கு மாட்டிவிட்டது யாரு? அதுவும் நான்தான். அப்போ இந்த மகாராணி கல்யாணமாகி வந்திருக்கக்கூட இல்ல.

அவ கல்யாணமாகி வந்தப்புறம், அடுத்த மழைக்காலத்துக்கு முன்னாடி, ஹெட்மாஸ்டர் தெருவுக்கே ஒரு கூட்டம் போட்டார். ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சுல நாங்க பெரியவங்க எல்லாம் முட்டி தாடையில இடிக்க உக்காந்திருந்தோம். "இனிமே தண்ணி வந்தா ஆள் ஆளா ஓடக்கூடாது, தெருவா ஓடணும்"னார். நல்ல பேச்சுதான். யார் கயிறு கட்டணும், நடக்க முடியாதவங்களை யார் தூக்கணும், எந்த வீட்டை முதல்ல காலி பண்ணணும், எல்லாம் பேசினோம். ஒரு வீடு காலியாச்சுன்னா கேட்டுல மஞ்சள் துணி கட்டணும். மஞ்சள் துணி பார்த்தா அந்த வீட்டை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், அடுத்த வீட்டுக்குப் போகலாம். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒத்திகை. "இதுக்கெல்லாம் தலைமைக்கு ஒருத்தர் வேணும்"னு சொல்லிட்டு ஹெட்மாஸ்டர் நான் இருந்த பக்கம் பார்த்தார். நான் முடியை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உக்காந்தேன்.

அவர் பார்த்தது எனக்குப் பின்னாடி இருந்த என் ஓரகத்தியை. ஃபயர் ஸ்டேஷன்ல போன் எடுக்கிற வேலை அவளுக்கு. "இவங்களை விட்டா வேற யாரு?"ன்னார். சம்மதிக்கிறவங்க கையைத் தூக்கச் சொன்னப்போ முதல்ல தூக்கின கை என் வீட்டுக்காரரோடது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "என்னங்க, அவ்வளவு வேகமா கையைத் தூக்கினீங்களே, தோள்பட்டை சுளுக்கலையா?"

"அவளுக்கு இதெல்லாம் தெரியும்மா. தினமும் பார்க்கிற வேலை."

"அப்போ எனக்கு என்ன தெரியும்?"

"உனக்குத் தைக்கத் தெரியும்"னார், நல்ல மனசோடதான்.

சரி, தைச்சேன். ஸ்ட்ரெச்சருக்கு வெல்டர் ரெண்டு குழாய் கொடுத்தான், துணி என் பொறுப்பு. தடிச்ச கித்தான். ஊசி மேல ஊசியா உடைஞ்சது. விடாம இரட்டைத் தையல் போட்டேன். ஆள் உருண்டு விழாம இருக்க நெஞ்சுக்கு ஒரு பட்டி, முட்டிக்கு ஒரு பட்டி. மழை முகத்துல அடிக்கக்கூடாதுன்னு தலைமாட்டுல ரெக்சின்ல ஒரு மூடி. இழுத்து ரெண்டு பக்கமும் பட்டனைப் போட்டா ஒரு சொட்டு உள்ள இறங்காது. அந்த மூடி முழுக்க முழுக்க என் யோசனை. ஹெட்மாஸ்டர் அதைத் தட்டிப் பார்த்துட்டு, அவளைப் பார்த்து, "கேப்டன், பிரமாதமா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க"ன்னார். தெருவே கைதட்டிச்சு. "அக்கா தைச்சது சார்"னு அவ சொல்லத்தான் செஞ்சா. ஆனா கைதட்டல் ஓய்ஞ்சப்புறம் சொன்னா. நேரம் பார்த்துச் சொல்றதுலயும் ஒரு சாமர்த்தியம் இருக்குல்ல?

அன்னியிலேருந்து அவ பேரு கேப்டன். எனக்கும் ஒரு பேரு வந்துச்சு. அது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், சிரிக்காம கேளுங்க.

எங்க வீட்ல என் நாத்தனார் இருக்காங்க. என் வீட்டுக்காரரோட அக்கா. நானும் ஓரகத்தியும் அண்ணின்னுதான் கூப்பிடுவோம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவங்க. கல்யாணம் வேணாம்னு இருந்துட்டாங்க. பக்கவாதம் வந்து ஒரு கையும் ரெண்டு காலும் போச்சு. வாய்ப்பக்கம் போக அந்த வாதத்துக்கே பயம். வருஷக்கணக்கா எங்க பின் ரூம்லதான் படுக்கை. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, புரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம் நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நல்லாருக்கு"ன்னு ஒரு வார்த்தை வந்ததில்ல. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்தா, "இன்னிக்கு உப்பு போட்டிருக்க போல"ம்பாங்க.

சாயங்காலம் ஆனா கேப்டன் வருவா. "அண்ணி, கையைக் கொடுங்க, மடக்கி நீட்டுவோம்"னு உக்காந்து ஏதோ ஃபயர் ஸ்டேஷன் கதையெல்லாம் சொல்லுவா. பூனை மரத்துல மாட்டினதுக்குப் போன் பண்ணினவங்க, பூட்டின பாத்ரூம்ல மாட்டின மாப்பிள்ளை, இப்படி. உள்ளேருந்து அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்கும். என் கையால குளிச்சு, என் கையால சாப்பிட்டுட்டு, சிரிப்பை மட்டும் அவளுக்கு எடுத்து வெச்சிருப்பாங்க. முன் ரூம்தான் என் கடை. நான் அங்க மெஷினை வேகமா மிதிப்பேன், அந்தச் சத்தம் காதுல விழக்கூடாதுன்னு. அப்பவும் விழும்.

விசில் போனதுகூட எனக்கு ஆறிடும். இந்தச் சிரிப்பு ஆறல.

முதல் ஒத்திகை வந்துச்சு. தெருவுலயே நடக்க முடியாதவங்க அண்ணி ஒருத்திதான், அதனால எங்க வீடுதான் முதல் வீடு. வெல்டர், வேன் டிரைவர், பேக்கரிக்காரர், லாண்டிரிக்காரர், நாலு பேரும் ஸ்ட்ரெச்சரோட வாசல்ல நிக்கிறாங்க. அண்ணி உள்ளேருந்து, "பொழுது போகாத பசங்க ஊர்வலம் விடறதுக்கு நான் பொம்மையா? கதவைச் சாத்து"ன்னுட்டாங்க. கெஞ்சிப் பார்த்தோம். ம்ஹூம். கேப்டனே போய்க் கேட்டா. "வெள்ளம் வரட்டும், வரேன். வெயில்ல வரமாட்டேன்"னாங்க.

கேப்டன் வெளியே வந்து என்னை மேலயும் கீழயும் பார்த்தா. "அக்கா, அண்ணிக்குப் பதிலா நீங்க படுத்துக்கோங்களேன். ரெண்டு பேரும் ஒரே வெயிட்டுதான் இருப்பீங்க, இவங்களுக்கும் பழகின மாதிரி இருக்கும்."

உள்ளேருந்து அண்ணி கத்தினாங்க. "ஏய், நான் அவளை விடக் கம்மிடி!"

வேற வழி? முன் ரூம்ல வெட்டுற டேபிளுக்குப் பக்கத்துல ஒரு கட்டில் கிடக்கும். அதுல நான் படுக்கணும். நாலு பேரும் ஓடி வந்து, "ஒண்ணு, ரெண்டு, தூக்கு"ன்னு என்னைத் தூக்கி, பட்டியைப் போட்டு, கேட்டுல மஞ்சள் துணியைக் கட்டிட்டு ஓடணும். தெருவே நின்னு வேடிக்கை பார்க்கும். அவ முனையில நின்னுக்கிட்டு விசில் ஊதுவா, நான் ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டுப் போகணும். எனக்கு வந்த கோவத்துக்கு வழி முழுக்கத் திட்டிக்கிட்டே போனேன். "டேய் வெல்டரு, ஆட்டாதடா! இறக்கி விடுங்கடா! எனக்கு ஒண்ணும் இல்லடா! ஆளை விடுங்கடா!" தெரு விழுந்து விழுந்து சிரிச்சுது. மேட்டுல இறக்கினதும் கேப்டன் வந்து, "அக்கா என்னமா நடிக்கிறாங்க! நிஜ பேஷண்ட்டே தோத்தாங்க"ன்னா.

நடிக்கிறேனாம்!

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஒத்திகைக்கும் அதே கட்டில், அதே நாலு பேரு, அதே திட்டு. நான் திட்டலைன்னா, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்பாங்க. யூனிபார்ம் வாங்க வர்றவங்ககூட, "என்ன பேஷண்ட், காலர் தைச்சாச்சா?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. பேப்பர்ல எங்க தெருவைப் பத்திப் போட்டோ போட்டாங்க. கேப்டன் விசிலும் கையுமா கம்பீரமா நிக்கிறா. பின்னாடி ஸ்ட்ரெச்சர்ல ரெண்டு உள்ளங்கால் தெரியுது. அது நான். அண்ணி அந்தப் போட்டோவை வெட்டித் தன் கட்டிலுக்கு எதிர்ல ஒட்டச் சொன்னாங்க. ஒட்டினதும் நான்தான். "உன் கால் நல்லா விழுந்திருக்கு"ன்னாங்க. தினமும் சாப்பாடு ஊட்டுறப்போ அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே ஊட்டணும். இந்தக் கொடுமை யாருக்கு வரும்?

இப்படி இருக்கிறப்போதான் அந்த மழை பிடிச்சது. விட்டு விட்டுப் பெய்யுற மழை இல்ல, வஞ்சம் வெச்ச மாதிரி ஒரே பிடியா பிடிச்ச மழை. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரிக்குப் போன ஆம்பளைங்க அங்கயே மாட்டிக்கிட்டாங்க, பாலத்தை அடைச்சாச்சு. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கிட்டு இருக்கேன், முனையிலேருந்து விசில் சத்தம். நிறுத்தாம, நீளமா. அதுக்கு ஒரே அர்த்தம்தான். கரை தாங்கல, கிளம்பு.

அண்ணி ரூமுக்கு ஓடினேன். "அண்ணி, கிளம்பணும்."

"கேட்டுச்சு. பதறாத. கேப்டன் ஆள் அனுப்புவா"ன்னாங்க, அவ்வளவு நிம்மதியா, அந்தப் போட்டோவைப் பார்த்துக்கிட்டே.

எனக்குச் சுருக்குன்னு தைச்சது. வீட்ல ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன், கேப்டன் அனுப்புவாளாம். "கேப்டன் என்ன பெரிய கேப்டன்? நான் இருக்கேன்ல!"ன்னேன். கடையில சக்கரம் வெச்ச சேர் ஒண்ணு இருக்கு. அதுல உக்கார வெச்சு நானே தள்ளிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவ ஆளுங்க வர்றதுக்குள்ள நாங்க தெரு முனையில இருக்கணும். அண்ணியை யாரு கொண்டு வந்தான்னு தெருவே பார்க்கட்டும். தண்ணி அதுக்குள்ள வாசப்படி ஏறி முன் ரூமுக்கு வந்திருந்துச்சு. பின் ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு கதவை இழுத்துச் சாத்தி, கீழ் இடுக்குல பழைய துணியைத் திணிச்சுட்டு, சேரை இழுக்க முன் ரூமுக்கு ஓடினேன்.

ஓடினேனா, வழுக்கினேன். கணுக்கால் மடங்கி, கட்டில் கால்ல மோதி, சேர் என் மேல விழுந்து, "ஐயோ அம்மா!"ன்னு நான் போட்ட சத்தம் மழையையும் மீறிக் கேட்டிருக்கும். மூச்சு அடைச்சுப் போச்சு. அந்த நேரம் பார்த்துத் தண்ணியைத் தள்ளிக்கிட்டு நாலு பேரும் உள்ள வந்தாங்க.

எங்க படுத்திருப்பேனோ அதே இடம். அதே கட்டிலுக்குப் பக்கம்.

"ஒண்ணு, ரெண்டு, தூக்கு!"

மூச்சு திரும்பி வர்றதுக்குள்ள நெஞ்சுப் பட்டி விழுந்துடுச்சு, முட்டிப் பட்டி விழுந்துடுச்சு. "நான் இல்லடா!"ன்னு கத்தினேன். "அண்ணி உள்ள இருக்காங்க! என்னை விடுங்கடா! அண்ணிடா!"

"இன்னிக்குமா அக்கா?" பேக்கரிக்காரர் மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டார். "கொஞ்சம் சும்மா வாங்க, நிஜமாவே தண்ணி வருது." லாண்டிரிக்காரர் மழை அடிக்குதேன்னு மூடியை இழுத்துப் பட்டனைப் போட்டார். கேட்டைத் தாண்டுறப்போ நின்னாங்க. மஞ்சள் துணி கட்டுறாங்கன்னு புரிஞ்சது.

நான் தைச்ச மூடி. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள இறங்கல, என் கத்தல்ல ஒரு வார்த்தை தெளிவா வெளியே போகல. பட்டியைப் பிய்க்கப் பார்த்தேன். இரட்டைத் தையல், என் தையல், எங்க பிய்யும்? கைகூட நெஞ்சோட சேர்ந்து மாட்டிக்கிச்சு. தொண்டை கிழியக் கத்தினேன். கயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் போன யாரோ ஒரு பொம்பளை அழுற குழந்தைக்குச் சொன்னது காதுல விழுந்துச்சு. "அழாதடா, பாரு, பேஷண்ட் அக்கா திட்டிக்கிட்டே போறாங்க. எல்லாம் எப்பவும் போலத்தான்."

நான் கத்துறது அவங்களுக்கு ஆறுதலா இருந்திருக்கு. இதை எங்க போய்ச் சொல்ல?

முனை வந்துடுச்சு போல. கேப்டன் குரல் கேட்டுச்சு, மைக்ல. "தையல் கடை வீடு காலி! அடுத்த வீடு போங்க!"

அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஆமா, சந்தோஷம். 'மாட்டினியாடி கேப்டன்! அவ்வளவு பெரிய தப்பு, தெருவே பார்க்கப் போகுது'ன்னு மனசு துள்ளுச்சு. அடுத்த நொடி, சாத்தின கதவும் அதுக்குப் பின்னாடி கட்டிலும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கதவைச் சாத்தினது நானாச்சே. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு பக்கமாப் புரண்டேன். ஸ்ட்ரெச்சர் சாய்ஞ்சது, டிரைவர் பிடி நழுவிச்சு, பட்டியில தலைகீழாத் தொங்கினேன். மூடி பிய்ச்சுக்கிட்டு வந்துச்சு.

கேப்டன் என் மூஞ்சியைப் பார்த்தா. "அக்கா? நீங்களா? அண்ணி எங்க?"

"வீட்லடி! பின் ரூம்லடி! இந்தத் தடியனுங்க என்னைத் தூக்கிட்டு வந்துட்டானுங்க!"

வெல்டர் பட்டியை அவுத்துக்கிட்டே என்னைப் பார்த்தான். மழையிலயும் அவன் மூஞ்சி வெளுத்தது தெரிஞ்சுது. "அக்கா... உங்களைத்தானே எப்பவும் தூக்குவோம்?"

கேப்டன் திரும்பித் தெருவைப் பார்த்தா. எங்க வீட்டுக் கேட்டுல மஞ்சள் துணி, தண்ணி அதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அவ கழுத்துலேருந்து விசிலைக் கழட்டி என் கழுத்துல மாட்டினா. "அக்கா, இந்த இடத்தை விட்டு நகராதீங்க. கயிறு தளர்ந்தா ஆளுங்க போயிடுவாங்க. எல்லாரையும் மேல அனுப்புங்க"ன்னுட்டு தண்ணிக்குள்ள இறங்கிட்டா. நாலு பேரும் ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போனாங்க.

நானும் போகத்தான் எழுந்தேன். கால் ஊனினதும் உயிர் போச்சு, அப்படியே உக்காந்துட்டேன். கயிறு கட்டியிருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விசில் ஊதினேன். கயித்தைப் பிடிச்சு வர்றவங்களை ஒருத்தர் ஒருத்தரா மேட்டுக்குத் தள்ளினேன். "குழந்தையை இடுப்புல வெக்காத, தோள்ல வை! பொட்டியை விடுய்யா, பொட்டி மிதக்கும்!" நல்லாத்தான் பண்ணினேன். அவளை விட நல்லாவே பண்ணியிருப்பேன். எதைக் கேட்டு ஏங்கினேனோ அது கழுத்துல தொங்குது, எனக்கு அதைக் கழட்டி எறியணும் போல இருந்துச்சு.

கண்ணு மட்டும் எங்க வீட்டு மேலயே இருந்துச்சு. தண்ணி இங்கயே என் இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. அண்ணி கட்டில் உசரம் எனக்குத் தெரியும். தினமும் அதுல முட்டியை முட்டுக் கொடுத்துத்தானே அவங்களைப் புரட்டுறேன்? அவளே கொண்டு வரட்டும், அவ போட்டோவே பேப்பர் முழுக்க வரட்டும், அண்ணி சாகுற வரைக்கும் அவகிட்டயே சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும், உயிரோட மட்டும் வந்துடட்டும்னு வாய்விட்டே சொன்னேன். பக்கத்துல போன ஹெட்மாஸ்டர், "என்னம்மா?"ன்னார். "ஒண்ணுமில்ல, நீங்க மேல போங்க சார்"னு அவரையும் தள்ளிவிட்டேன்.

கடைசியா, கேட்டுக்கு மேல ஸ்ட்ரெச்சர் தெரிஞ்சது. தண்ணி அவங்களுக்கு நெஞ்சளவு. நாலு பேரும் தோளுக்கு மேல தாங்கிக்கிட்டு, கேப்டன் தலைமாட்டுல பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு அடியா வந்தாங்க. படுத்திருக்கிறவங்க அசையலையேன்னு நான் மூச்சை நிறுத்திட்டேன். கிட்ட வந்தப்புறம்தான் சத்தம் கேட்டுச்சு.

"ஆட்டாதீங்கடா! மாட்டு வண்டியே தேவலை!"

அந்தத் திட்டைக் கேட்டு நான் அழுத அழுகையை அதுக்கு முன்னாடியும் அழுததில்ல, பின்னாடியும் அழுததில்ல.

ஸ்கூல்ல பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அண்ணியைப் படுக்க வெச்சோம். உதடு நீலமா இருந்துச்சு, பல்லு தடதடன்னு அடிச்சுது. அவங்க போனப்போ படுக்கை முழுகி, தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சாம். நல்ல கையால ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தலையைத் தூக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. கதவைத் தள்ளித் திறக்க நாலு ஆம்பளைங்க வேண்டியிருந்துச்சாம். என் கணுக்கால் வீங்கிப் போயிருந்துச்சு, நான் பக்கத்துத் தரையில உக்காந்திருந்தேன். கேப்டன் எங்கேயோ ஒரு காய்ஞ்ச துண்டு சம்பாதிச்சுக் கொண்டு வந்து அண்ணி தலையைத் துவட்ட ஆரம்பிச்சா. அவ கையெல்லாம் கீறல், ரத்தம்.

"என் தப்பு அண்ணி"ன்னா அவ. "ஸ்ட்ரெச்சர்ல யாருன்னு மூடியைத் திறந்து பார்த்திருக்கணும்." அப்புறம் தாங்க முடியாமக் கேட்டா. "ஆனா, நீங்க அடுத்த ரூம்லதானே இருந்தீங்க? நீங்க கூப்பிட்டா எங்க வீடு வரைக்கும் கேட்குமே. ஏன் அண்ணி ஒரு குரல் கொடுக்கல?"

நாலு பேரும் அதைக் கேட்கத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க. வெல்டர் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"கொடுப்பேன்டி"ன்னாங்க அண்ணி. பல்லு அடிச்சதுல வார்த்தை துண்டு துண்டா வந்துச்சு. "இவ விழுந்த சத்தம் கேட்டுச்சு. அம்மான்னு அலறினது கேட்டுச்சு. எலும்பு போச்சு, இவ எழுந்திரிக்க மாட்டான்னு நினைச்சேன். இவ என்னடான்னா, அண்ணி உள்ள இருக்காங்க, அண்ணி உள்ள இருக்காங்கன்னு கத்துறா. ஸ்ட்ரெச்சர் ஒண்ணுதானே இருக்கு? நான் ஒரு சத்தம் கொடுத்திருந்தா இவனுங்க இவளைப் பொத்துன்னு தண்ணியில போட்டுட்டு என்கிட்ட ஓடி வந்திருப்பானுங்க. அதான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். இவ போய்ச் சேரட்டும்னு."

எனக்கு எங்க பார்க்கிறதுன்னு தெரியல.

கேப்டன் மெதுவாக் கேட்டா. "தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சே அண்ணி. எப்படியும் நான் வந்துடுவேன்னு நினைச்சீங்களா?"

அண்ணி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவங்க.

"உன்னைப் பத்தி அப்போ நினைக்கலம்மா"ன்னாங்க. அப்புறம் தலையை இழுத்துக்கிட்டு, "துண்டை அவகிட்ட கொடு. நீ முடியைப் பிய்க்கிற. அவளுக்குத்தான் பதமாத் துவட்டத் தெரியும்"னாங்க.

இத்தனை வருஷத்துல முதல் நல்ல வார்த்தை. தெருவே நின்னு கேட்டுக்கிட்டு இருக்கு, ஹெட்மாஸ்டர் உட்பட.

கேப்டன் துண்டை என்கிட்ட நீட்டினா. நெஞ்சளவு தண்ணியில போய் உயிரைக் காப்பாத்தினவ அவ. கீறல்ல ரத்தம்கூட இன்னும் காயல. நீட்டினவ உடனே கையை எடுக்கல, ஒரு நிமிஷம் துண்டை அப்படியே பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. பாம்பின் கால் பாம்பறியும். அந்தப் பார்வை எனக்குத் தெரியாததா? வயிறு எரியுறப்போ மூஞ்சி எப்படி ஆகும்னு என்னை விட யாருக்குத் தெரியும்?

பாவமாத்தான் இருந்துச்சு. ஒரு ஓரத்தை அவகிட்ட கொடுத்து, "வா, நீயும் துவட்டு"ன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு.

சொல்லல. துண்டை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு, அண்ணி தலையை என் மடியில எடுத்து வெச்சு, நானே துவட்டினேன்.